கெர்டா வீட்டு மரப்பறவை

நான் அகதியாக வந்து சேர்ந்த குளிர்நாட்டில், கிரின்ஸ்டெட் என்ற சிற்றூருக்கு வெளியே நான் வேலை செய்த பண்ணையின் சொந்தக்காரி கெர்டா. அறுபதைத் தொட்ட மனுசி. முதல் நாள் "மேடம்" என்று கூப்பிட்டேன். "என்ர பேர் கெர்டா, குருசுமுத்து!" என்று என் பெயரைச் சொல்லி அதட்டினார். வயதில் மூத்த பெண்ணைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நெடுநாள் நா கூசியது. மன்னாரில் அப்படிக் கூப்பிட்டிருந்தால் அம்மா வாயிலேயே போட்டிருப்பார்.

அவரைப் போல ஒருவரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. 1988 வசந்தத்தில், குளிர்காலக் காற்று பிடுங்கி எறிந்த கொட்டில் ஓடுகளை ஏணியில் நின்று அவரே மாற்றினார். இறங்கிய கையோடு, விதைக்கும் மெசினில் உடைந்திருந்த இரும்பை வெல்டிங் செய்தார். அதற்குள் ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டது. தோள்வரை கையை விட்டுத் திருப்பி எடுத்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். அவருடைய கணவர் ஆக்செல் தங்கமான மனிதர்தான். ஆனால் ஆணி அடிக்கச் சொன்னால் முதலில் விரலில்தான் அடிப்பார்.

மாடுகளைப் புல்லுக்கு அவிழ்த்துவிட்ட நாளை எப்படிச் சொல்வேன்! குளிர் முழுவதும் அடைந்து கிடந்த மாடுகள் வெளியே வந்ததும் பின்னங்கால்களை உதறித் துள்ளின. கிழட்டு மாடுகூடக் கன்றைப் போல ஓடியது. அந்தோனியாரே என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"உன்ர மனுசியும் பிள்ளையும் இதைப் பாக்கவேணும். எப்ப வருகினம்?" என்றார் கெர்டா.

"கெதியா," என்றேன்.

போன வசந்தத்திலும் சீக்கிரம் என்றுதான் சொல்லியிருந்தேன். மனைவி பவளராணியும் மகள் சுஜாந்தினியும் மன்னாரில் இருந்தார்கள். நான் புறப்பட்டபோது மகள் தாயின் இடுப்பில் இருந்த குழந்தை. அவர்களைக் கூப்பிட எனக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். ஒரு பதிலும் இல்லை. எனக்கு மட்டுமல்ல, எந்தத் தமிழனுக்கும் பதில் வரவில்லை.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் கெர்டாவின் குடும்பம் முழுவதும் பண்ணையில் கூடியது. வருடா வருடம் நடக்கிற பறவைச் சூடு என்ற துவக்குப் போட்டி. மரத்தில் செய்த பெரிய பறவையைக் கம்பத்தில் ஏற்றி, பின்னால் மண்மேடு கட்டியிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சுடவேண்டும். செட்டை, வால், தலை என்று துண்டு துண்டாக விழும். கடைசித் துண்டை விழுத்துகிறவர்தான் அன்றைய ராசா. மேசையின் தலைமாட்டில் இருந்து கேக் வெட்டுவது அவர்தான். என் ஊரில் துவக்குச் சத்தம் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இங்கே துவக்கைச் சுற்றி நின்று பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்! இப்படியும் ஒரு நாடா என்று நான் மலைத்துப் போனேன்.

ஆக்செல் துவக்கை என்னிடம் நீட்டினார். மருமகள் கமெராவைத் தூக்கினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வேண்டாம். நான் இங்க வரேக்க, துவக்குத் தொட்டனியோ எண்டு பொலிஸ் கேட்டது. இல்லை எண்டு சொன்னனான். உண்மையும் அதுதான். இப்ப துவக்கோட என்ர படம் வந்தா, மனுசியையும் பிள்ளையையும் இங்க வர விடமாட்டினம்."

ஆக்செல் சிரித்தார். "இது மரப்பறவையடா!"

கெர்டா சிரிக்கவில்லை. "கமெராவை உள்ள கொண்டுபோய் வை," என்று மருமகளிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்த வீட்டு ஆள் ஆராவது வராட்டி, அந்த ஆளுக்காக நான் சுடுவன். கப்பலில வேலைக்கு நிக்கிற என்ர மூத்த மகனுக்கும் நான்தான் சுட்டனான். உன்ர ஆக்களின்ர பேரைச் சொல்லு."

சொன்னேன். பறவையில் நெஞ்சுத் துண்டு மட்டுந்தான் மிச்சம் இருந்தது. கெர்டா முதலில் தன் முறைக்குச் சுட்டார். குண்டு மண்மேட்டுக்குப் போனது. எனக்கு விளங்கவில்லை, அதுவரை அவர் ஒரு குண்டைக்கூட வீணாக்கவில்லை. அடுத்து, "பவளராணி!" என்று உரக்கச் சொல்லிச் சுட்டார். மரம் பாதி பிளந்து தொங்கியது. "சுஜாந்தினி!" என்றார். அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கடித்துக் கடித்துச் சொன்னார். வெடித்தது. துண்டு புல்லில் விழுந்தது.

எல்லோரும் தொப்பியைக் கழற்றி, என் மகளின் பெயரைச் சொல்லி மூன்று தரம் ஆர்ப்பரித்தார்கள். அவளுடைய நாடு அவளைத் துரத்திக்கொண்டிருந்தது. இந்த நாடு கதவைத் திறக்கவில்லை. இடையில் ஒரு புல்வெளியில் அவள் ராசாவாகிவிட்டாள். 

மேசைக்குப் போனோம். தலைமாட்டுக் கதிரையை வெறுமையாக விட்டார்கள். அதன் முன்னால் கோப்பையும் கேக் வெட்டும் கத்தியும் வைத்தார்கள். கெர்டா கதிரையை ஒரு கண்ணால் அளந்தார்.

"இது அவளுக்குத் தாழ்வாயிருக்குமோ? குசன் போடவேணுமோ? எவ்வளவு உயரம் இப்ப?"

காட்டுவதற்காகக் கையை எடுத்தேன். இடுப்புக்கு நேரே கொண்டுபோனேன். கொஞ்சம் உயர்த்தினேன். திரும்பவும் தாழ்த்தினேன். எங்கே நிறுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை.

 கெர்டா எழுந்து வந்து, அந்தரத்தில் நின்ற என் கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டார்.