மூச்சு விடுகிறவருக்குக் கோடு கிடையாது

அளவுகோலால் தன் நெற்றியில் ஒரு தட்டு. பிறகு கட்டத்தின் கீழ்மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரே இழுப்பு. கொள்ளுத்தாத்தா முடிந்தார். பேனா முனையைத் துடைத்துக்கொண்டு மரத்தம்மா அடுத்தவரைத் தேடினாள்.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவள். இப்போது குடும்பங்களுக்கு வம்ச மரம் வரைகிறாள். பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு.

அந்தக் கோடு ஒருவருக்கும் பிடிப்பதில்லை. "எங்கப்பாவத் தப்பான விடை மாதிரி அடிச்சுட்டீங்களே!" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். மனமிரங்கிய மரத்தம்மா அடுத்த குடும்பத்துக்குக் கோட்டுக்குப் பதில் குட்டி இலை போட்டாள். பார்த்தவர்கள் வைத்தியப் பரம்பரை என்று நம்பி, முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு வாசலில் வரிசை கட்டினார்கள். நட்சத்திரம் போட்டாள். போன புருஷனுக்கு மட்டும் நட்சத்திரமா, எனக்கென்ன குறைச்சல் என்று, உயிரோடு இருக்கிற ஒரு மாமியார் மூன்று நாள் சாப்பிடவில்லை. அன்றோடு முடிவு செய்தாள்: கோடுதான்.

இன்று காலை மளிகைக்கடைக்காரர் வந்தார். அவர் வீட்டுப் படம் மதியம் அச்சுக்குப் போகவேண்டும். தம்பியின் கட்டத்தில் விரலை ஊன்றினார்.

"இதுலயும் ஒரு கோடு போடும்மா."

"ஐயையோ, எப்பப் போனாரு?"

"எங்க போனான், குத்துக்கல்லாட்டம் இருக்கான். என் பொண்ணுக்குப் பாத்த மாப்பிள்ளைய, 'முழியே சரியில்ல'ன்னான். எட்டு வருஷமாப் பேச்சில்ல. என்னப் பொறுத்தவரைக்கும் செத்துட்டான்."

"மாப்பிள்ள முழி எப்படிண்ணே, சரியாயிருக்கா?"

"அது வேற கதை. நீ கோட்டப் போடு."

"மூச்சு விடுறவங்களுக்குக் கோடு கிடையாது. உங்களுக்காகப் போட்டா, நாளைக்கு ஊர்ல பாதி மருமகளுங்க மாமியார் பேரோட வந்து நிப்பாங்க."

"அப்ப படமே வேணாம்!"

நூற்று நாற்பது பேர். மூன்று மாத அலைச்சல். மரத்தம்மாவின் கை தானாகவே பேனாவுக்குப் போனது. ஒரே ஒரு இழுப்பு, யாருக்குத் தெரியப்போகிறது? பேனா கட்டத்தின் மூலை வரை வந்து நின்றது.

"சரிண்ணே. ஆனா விசாரிக்காம நான் யாரையும் சாகடிக்கறதில்ல. அவர் நம்பர் எங்க கெடைக்கும்?"

மளிகைக்காரர் எந்தச் சீட்டையும் பார்க்கவில்லை. பத்து எண்களையும் மடமடவென்று ஒப்பித்துவிட்டு, அதற்கப்புறம்தான் வாயைப் பொத்தினார்.

அவள் எண்களை அழுத்தி, ஒலிபெருக்கியையும் தட்டிவிட்டாள்.

"ஐயா, உயிரோட இருக்கீங்களா?"

"யாரும்மா அது காலங்காத்தால? எவன் கேக்கச் சொன்னான்?"

"உங்கண்ணன் விஷயமா..."

மறுமுனைக் குரல் சட்டென்று அடங்கியது: "அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலியே?"

மரத்தம்மா தொலைபேசியை மளிகைக்காரர் கையில் திணித்துவிட்டு, பேனாவைத் திருகி மூடினாள்.