மேசை விளக்கு என்று எழுதிய பெட்டிகள்

பார்சல் கூடத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. பெல்ட்டில் ஊர்ந்துவரும் பெட்டி எக்ஸ்ரே எந்திரத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள், உள்ளே இருப்பது பொம்மையா, பேட்டரியா, அடுப்புக்கு மாட்டும் கேஸ் டப்பாவா என்று சொல்லிவிடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அவளுக்குச் சம்பளமே அதற்குத்தான். வீட்டிலும் அப்படித்தான். மகள் மார்க் குறைந்த பரீட்சைத் தாளை எந்தப் புத்தகத்துக்குள் சொருகி வைத்தாலும், அம்மாவின் கை நேரே அந்தப் புத்தகத்துக்குத்தான் போகும். புருஷனும் மகளும் அவளிடம் பொய் சொல்வதையே விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டார்கள் என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கூடத்துக்குப் பெரிய தலைவலி விஸ்கி. மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஆலை இருக்கிறது. வருஷத்துக்குக் கொஞ்சம் பீப்பாய்தான் திறப்பார்கள். அதுவும் இந்த மாநிலத்துக் கடைகளில் மட்டுமே விற்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பணக்காரர்களுக்கோ கிடைக்காத பொருள்மேல்தான் உயிர். வாங்கி, குடிக்காமல், அலமாரியில் வைத்துப் பூட்டி, வருகிற விருந்தாளிக்குக் கண்ணாடி வழியே காட்டுவார்களாம். இப்படியும் ஒரு தாகம்! லைசென்ஸ் இல்லாமல் எல்லை தாண்டி மது அனுப்பக்கூடாது என்பது சட்டம். ஆனாலும் தேன் என்றும் ஷாம்பு என்றும் எழுதிக்கொண்டு பாட்டில்கள் வந்துகொண்டேதான் இருக்கும். கழுகு சிவப்புப் பொத்தானை அழுத்துவாள். பெல்ட் நிற்கும். சூப்பர்வைசர் கத்தியோடு வந்து பெட்டியைப் பிரிப்பார்.

ஒருமுறை, அவளுக்கு முந்தி அந்தத் திரையைப் பார்க்கிற வேலையில் இருந்தவன், சித்தப்பா அனுப்பிய பெட்டியாயிற்றே என்று கண்டும் காணாமல் விட்டான். அது எல்லைக்கு அந்தப் பக்கம் பிடிபட்டது. எந்தப் பெட்டியை யார் பார்த்து விட்டார்கள் என்பது எந்திரத்திலேயே பதிவாகியிருக்கும். அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். திரை பார்க்கும் அனுமதி அட்டையையும் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம் எந்தக் கூடத்திலும் அவனுக்கு இடமில்லை. “சொந்தம்னு பார்த்தான், சோத்துல மண்ணைப் போட்டுக்கிட்டான்” என்று அப்போது அதிகம் பேசியது கழுகுதான்.

அவளுடைய வீட்டுக்காரர் கண்ணாடி விளக்குத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறவராக இருந்தார். தொழிற்சாலையை மூடினார்கள். முதலில், “ரெண்டு கையும் இருக்கு, வேலைக்கா பஞ்சம்?” என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு குறைந்தது. அப்புறம் பேச்சும் குறைந்தது. அவள் வேலைக்குக் கிளம்பும்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். திரும்பி வரும்போதும் அதே ஓரத்தில் அதே சட்டையோடு உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால், “நீங்க சாப்பிடுங்க, எனக்குப் பசிக்கல” என்பார். சம்பாதிக்காதவனுக்குச் சோறு எதற்கு என்று அவர் தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கொள்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஒருநாள் வீட்டுக்கு வரும்போது அந்தக் கட்டில் காலியாக இருந்துவிடுமோ என்ற பயத்தில், பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓட்டமும் நடையுமாக வருவாள்.

அப்போதுதான் அவளுடைய அண்ணன் வந்தான். கடைத்தெருவில் சொந்தமாக மதுக்கடை வைத்திருப்பவன். “மாப்ள நம்ம கடைக்கு வரட்டும் பாப்பா. பின்னாடி ரூம்ல சரக்கு அடுக்க ஆள் வேணும்” என்றான். அவள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். மறுநாள் காலையில் வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தார். ராகம் தாறுமாறாக இருந்தது. அதைவிட இனிமையான சங்கீதத்தை அவள் கேட்டதில்லை.

ஒரு காலை ஷிஃப்ட்டில் அந்த முதல் பெட்டி வந்தது. மேலே ‘மேசை விளக்கு’ என்று எழுதியிருந்தது. திரையிலும் விளக்குதான் தெரிந்தது: மேல்மூடியின் கம்பி வளையம், பல்பு மாட்டும் இடம், ஒயர், பிளக். விளக்கின் உடம்பு மட்டும் பாட்டில் வடிவத்தில் பெட்டிக்குள் சாய்ந்து கிடந்தது. பாட்டில் வடிவத்தில் விளக்கு செய்கிறவர்களும் உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் சாய்ந்த அந்த உடம்புக்குள், கழுத்துக்குப் பக்கத்தில், படுக்கையாக ஒரு கோடு தெரிந்தது. திரவத்தின் மட்டம். எந்த விளக்குக்குள் தண்ணீர் நிற்கும்?

கை பொத்தானுக்குப் போயிற்று. அப்போதுதான் ஒயரைப் பார்த்தாள். எட்டுப் போட்டதுபோலச் சுற்றி, நடு இடுக்கில் பிளக்கைச் சொருகியிருந்தது. அவள் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் ஒயர் இப்படித்தான் இருக்கும். மிக்ஸி ஒயரும் இப்படித்தான். “அவசரத்துக்கு எடுத்தா பிரியவே மாட்டேங்குது, இது என்ன ஜடையா?” என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் சண்டை போடும் சுற்று அது. இது அவர் கட்டிய பெட்டி. பொத்தானின்மேல் விரல் இருந்தது. கண்ணுக்குள் அந்தக் கட்டில் ஓரம் இருந்தது. பெட்டி மறுபக்கம் வெளியேறி லாரிக்குப் போயிற்று.

அன்று சாயங்காலம் அவர் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் காய் நறுக்குகிற சாக்கில் கேட்டாள்.

“கடையில என்னதான் வேலை உங்களுக்கு?”

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். “அடுக்குறது, எடுத்துக் குடுக்குறது. வேற என்ன?”

பொய் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் வேலையை விடுவார். விட்டால் மறுபடி அந்தக் கட்டில். பாவம், எந்தத் திரை வழியாகப் போகிறது என்று தெரியாமல் அனுப்புகிறார், நாம்தான் காப்பாற்றவேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டாள். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிற கழுகுக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் புத்தி வேலை செய்யவில்லை. யாருக்குத்தான் செய்யும்?

அன்றுமுதல் அவள் லீவு போடுவதை நிறுத்தினாள். காய்ச்சலோடு வந்தாள். மகளின் பள்ளிக்கூட நாடகத்தன்று எல்லா அம்மாக்களும் முன்வரிசையில் இருக்க, இவள் திரைக்கு முன்னால் இருந்தாள். காலை ஷிஃப்ட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தாள். அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்து, அந்த நேரம் பார்த்து ஒரு விளக்கு வந்துவிட்டால்? நாட்டில் நிஜமாகவே விளக்கு அனுப்புகிறவர்களும் இருந்தார்கள். அந்தப் பெட்டிகளைப் பார்த்தும் அவளுக்கு வியர்த்தது. இரவில் தூக்கம் போயிற்று. விட்ட பெட்டிகளில் ஒன்று பிடிபட்டால் வேலையும் போகும், அட்டையும் போகும், குடும்பமே அம்போ என்று நிற்கும். வாராவாரம் எட்டு போட்ட ஒயர் வந்தது. அவளும் விட்டுக்கொண்டே இருந்தாள்.

அவளுடைய உழைப்பைப் பார்த்து சூப்பர்வைசருக்குத் தலைகால் புரியவில்லை. “புதுசா வர்றவங்களுக்கு நீங்கதாம்மா சொல்லிக்குடுக்கணும். அடுத்த வாரத்துலேருந்து மத்தியான ஷிஃப்ட்டுக்கு வந்துடுங்க” என்று பெரிய வரம் கொடுப்பதுபோலச் சொன்னார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சாப்பிடும்போது வீட்டில் சொன்னாள். அவருடைய கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“அப்ப காலையில?”

“வேற ஆளு.”

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். மறுநாள் அவள் டிபன் டப்பாவைத் திறக்கும்போது அண்ணன் போன் செய்தான்.

“பாப்பா, ஷிஃப்ட்டெல்லாம் எதுக்கு மாத்துற? உடம்புக்கு ஒத்துக்காதுன்னு சொல்லி காலையிலேயே இருந்துக்கோ.”

“என் ஷிஃப்ட்டைப் பத்தி உனக்கு என்னண்ணே கவலை?”

அந்தப் பக்கம் ஒரு இருமல் வந்தது. அவ்வளவுதான். இத்தனை நாளாக விளக்குகள் ஏன் அவளுடைய ஷிஃப்ட்டில் மட்டுமே வந்தன என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சாப்பாட்டை அப்படியே மூடினாள். வேலை முடிந்ததும் நேரே அண்ணன் கடைக்குப் போனாள்.

பின்னறையில் அட்டைப்பெட்டிகள் கூரைவரை இருந்தன. வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து, ஒரு பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். அண்ணன் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான்.

“சத்தம் போடாத பாப்பா. முன்னால ஆளுங்க இருக்காங்க.”

“என்னை வெச்சுத்தான் அனுப்புறியாண்ணே? ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டா மாட்டேன்னுடுவ. அதான் கேக்கல” என்றான் அண்ணன், ரொம்ப நியாயமான விஷயத்தைச் சொல்வதுபோல. “உன் புருஷன் கட்டுன பெட்டியை நீ நிறுத்த மாட்டேன்னு எனக்குத் தெரியாதா?”

வீட்டுக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. “என்ன மச்சான் சொல்றீங்க? அவ ஒத்துக்கிட்டான்னுதானே சொன்னீங்க?”

“நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?” என்றாள் அவள்.

“உங்கண்ணன்தான் சொன்னாரு. நீ சரின்னுட்டியாம். குழந்தை காதுல விழுந்துடும், வீட்ல மட்டும் இதைப் பேசவேண்டாம்னு நீயே சொன்னியாம். நீ பார்த்ததும் தெரியட்டும்னுதான் ஒயரை அப்படிச் சுத்தினேன்.”

அண்ணன் கையை விரித்தான். “ஒரே வீட்ல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் பேசிக்கலன்னா அதுக்கு நானா பொறுப்பு?”

அவனை அறைந்திருக்கலாம். அறையவில்லை. அவன் சொன்னதில் பாதி உண்மையாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இருவரும் வெளியே வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

“அன்னைக்கு என்ன வேலைன்னு கேட்டியே, குழந்தை முன்னால நான் வாயை விட்டுடுறேனான்னு நீ சோதிச்சுப் பார்க்குறதா நெனச்சேன். நான் எந்தச் சாக்கடையில இறங்கினாலும் சரி, வேலைன்னு ஒண்ணு இருந்தா உனக்குப் போதும்னு நெனச்சுட்டேன்.”

“அப்படியா நெனச்சீங்க என்னை?”

“வேற எப்படி நெனைக்கிறது? நீதான் ஒண்ணுமே பேசலியே.”

அவள் நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவரைக் காப்பாற்றுகிறோம் என்று இவள் வாயை மூடிக்கொண்டிருந்த காலமெல்லாம், அந்த மனுஷன் தன் பெண்டாட்டியையே பேராசைக்காரி என்று எண்ணிக்கொண்டு அவள் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறார். வேலை போய்விடுமோ என்று இருந்த பயமெல்லாம் இந்த வலிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

“இனிமே அங்க போகல” என்றார் அவர். “ஆனா மத்தியானமே ஒண்ணு குடுத்தனுப்பிட்டேன். நாளைக்குக் காலையில உன்கிட்ட வரும். நிறுத்திடு.”

மறுநாள் வந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். பெல்ட் நின்றது. சூப்பர்வைசர் பிரித்துப் பார்த்து, விளக்கின் மேல்மூடியைக் கழற்றிப் பாட்டிலை வெளியே எடுத்ததும் கூடமே கூடிவிட்டது. “இதையெல்லாம் எப்படிம்மா கண்டுபிடிக்கிறீங்க?” என்று அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. யாரோ கை தட்டினார்கள். அனுப்பியவர் விலாசம் பொய் விலாசம். “எவன்னே தெரியாது, இதோட விட்டுட வேண்டியதுதான்” என்றார் சூப்பர்வைசர்.

விட்டுவிடலாம். பேசாமல் இருந்தால் போதும்; வேலை நிற்கும், பேரும் நிற்கும், அவரையும் யாரும் கேட்கமாட்டார்கள். பேசாமல் இருப்பது அவளுக்கு நன்றாகப் பழகியும் இருந்தது. அதை நினைத்தபோதுதான் உடம்பு கூசியது.

“அனுப்புனது எங்கண்ணன் சார்” என்றாள். “கட்டுனது என் வீட்டுக்காரர். இதுக்கு முன்னால போனதையெல்லாம் விட்டது நான்.”

கை தட்டியவர்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். சூப்பர்வைசர் அவளை மேல்மாடி அறையில் உட்காரவைத்து, கலால் ஆபீசுக்கு ஆள் அனுப்பினார். அனுமதி அட்டையை அவளே கழற்றி மேசையில் வைத்தாள். வீட்டுக்காரருக்கு ஒரு போன் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

“சொல்லிட்டேங்க” என்றாள்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். உங்க பேரையும்.” “கலால் ஆபீஸ்லேருந்து வர்றாங்க. நீங்க குழந்தையைக் கூட்டிக்கிட்டு எங்கேயாவது போயிடுங்க. இங்க மட்டும் வராதீங்க. வந்தா உங்களையும் புடிச்சு வெச்சுடுவாங்க.”

அந்தப் பக்கம் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது.

“புடிச்சு வெக்கட்டும்” என்றார் அவர். “நீ அங்க தனியா உக்கார்ந்திருக்க வேணாம். குழந்தையைப் பக்கத்து வீட்ல விட்டுட்டு வர்றேன்.”