முதல் வாய் அவளுடையது

பணி ஓய்வு பெற்ற ஆண்டின் ஆவணியில் எனக்குத் தண்ணீர் கசக்கத் தொடங்கியது. கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றில் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் புதுவாயல் வீட்டில் வேலையின்றி உட்கார்ந்த நாட்கள் அவை. டீக்கடை நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இந்த ஏரியாவுல எவன் ஊட்டுத் தண்ணி இனிக்குது? பேஜாரு பண்ணாத, டீயக் குடி."

அதனால் இது நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை. புரட்டாசியில் சோறு கசந்தது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள், என் மனைவிதான் எதையோ கலக்கிறாள் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். அவள் அழுதாள். நான் தட்டைத் தள்ளிவிட்டுக் கடையில் நாஷ்டா தின்றேன். பிறகு கடைக்காரரும் அவளுக்கு உடந்தை என்று தோன்றியது. பட்டினி கிடந்தேன். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை.

பொன்னேரியில் ஒரு மனநல மருத்துவரிடம் மனைவியும் மகனும் அழைத்துப்போனார்கள். வயதான பிறகும் இப்படிச் சந்தேக நோய் வருவதுண்டு, மருந்தால் குறையும் என்றார். மருந்துச் சீட்டை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

மறுவாரம் மனைவி ஒரு வழி சொன்னாள்.

"உங்க தட்டுல மொதல் வாய் நான் துன்றேன். எனுக்கு ஒண்ணும் ஆவலன்னா நீங்க துன்னுங்க."

அப்படியே நடந்தது. சோறு, குழம்பு, பொரியல், எல்லாவற்றிலும் முதல் வாய் அவளுடையது. விழுங்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மோரை மட்டும் தொடமாட்டாள். "எனுக்குச் சளி புடிக்கும்" என்பாள். மற்ற எல்லாவற்றிலும் வாய் வைத்தவளிடம் ஒரு டம்ளர் மோருக்காகச் சண்டை போட எனக்கே கூச்சமாக இருந்தது.

மாசியில் கசப்பு போய்விட்டது. புத்தகம் படிப்பதும் காலை நடையும் மருந்தே இல்லாமல் என்னை மீட்டுவிட்டன என்று டீக்கடையில் பெருமையடித்தேன். வீட்டிலும் சொன்னேன். மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்திரையில் அவள் வேப்பம்பட்டில் மகள் வீட்டுக்குப் போனாள். காலை ஷிப்ட் முடிந்து மதியம் வந்த மகன் அவள் இடத்தில் உட்கார்ந்து முதல் வாய் எடுத்தான். வெயிலில் முகம் கன்றிப்போயிருந்தது. என் மோரில் பாதியை அவன் டம்ளரில் ஊற்றினேன்.

"எனுக்கு வாணாம் நைனா."

"சொம்பு மோர ஒரே மூச்சுல குடிக்கிறவனாச்சே? உனுக்கும் சளியா?"

அவன் டம்ளரைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"அம்மாவாண்ட சொல்லாத. அதுல மருந்துச் சொட்டு கீது, அம்மா சொல்லி இன்னிக்கு நான்தான் வுட்டேன். நீ சீட்ட வுட்டுட்டு வந்த அன்னிக்கே அம்மா திரும்பப் போயி வாங்கியாந்துச்சு."

அவள் திரும்பிய அன்றே கேட்டேன்.

"சொல்லியிருந்தா குடிச்சிருப்பீங்களா?" என்றாள்.

"மாட்டேன்."

"அப்பறம் இன்னா?"

அந்த மருந்தால்தான் குணமானேன். ஆனால், கலக்கிறாய் என்று நான் சொன்னபோது அழுதவள், பிறகு உண்மையாகவே கலந்தாள். அத்தனை முதல் வாயையும் என் கண்முன்னே விழுங்கிக் காட்டியது, இந்த ஒரு டம்ளரை நான் கேள்வி கேட்காமல் குடிப்பதற்காக.

இப்போது சொட்டு மருந்தை நானே தண்ணீரில் விட்டுக் குடிக்கிறேன். மதியம் அவள் மோர் வைக்கிறாள். வைக்குமுன் என் எதிரே நின்று ஒரு மடக்கு குடித்துக் காட்டுகிறாள். படுத்தால் இருமுகிறாள். சளி பொய்யில்லை. ஆனாலும் அந்த டம்ளரை நான் தொடுவதில்லை. வெயில் தாழ்ந்ததும் வாழைக்கன்றின் அடியில் கொட்டிவிட்டு வருகிறாள்.