மணவாளன் அண்ணன் வேண்டாம் என்ற படம்

வள்ளூரில் இப்போது நான் வேலை பார்க்கும் கேண்டீனில், காலை நாஷ்டா நேரத்தில் அந்த அழைப்பு வந்தது. மணவாளன் அண்ணனின் மகள். "நைனா பூட்டாருண்ணா" என்றாள். மார் வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை இனி சொல்லவே முடியாது என்ற பயம்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தியேட்டரில் படம் பார்த்த உங்களில் பலருக்கு அவர் முகம் தெரியாது, கை தெரிந்திருக்கும். அத்தனை வருடமும் டிக்கெட் கவுண்டரின் சின்ன ஓட்டைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவர்தான். நான் மேனேஜர். எந்த நடிகருக்கு எத்தனை நாள் கூட்டம் நிற்கும் என்று அவர் சொன்னால் தப்பாது. கம்பெனி ஷிப்ட் முடியும் நேரம் புதுவாயலில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு வருவார். "பசங்களக் கேட்டா எல்லாப் படத்துக்கும் வர்றேன்னுதான் சொல்லுவானுங்க. பொம்பளைங்க வர்றேன்னா ஊடு மொத்தமும் வரும்" என்பார்.

தியேட்டரின் கடைசிப் பொங்கலுக்கு முன்னால் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். இந்தப் பொங்கல் படமும் ஓடாவிட்டால் இடத்தைக் குடோனுக்கு விட்டுவிடுவேன் என்றார். வந்தவை இரண்டு படங்கள். ஒன்று, போஸ்டரைப் பார்த்தாலே விசில் பறக்கும் பெரிய நடிகருடையது. எடுத்தால் இரண்டு வாரம் எல்லாக் காட்சியும் அதையே ஓட்ட வேண்டும். மற்றது, பெயர் தெரியாத புதுமுகங்கள் நடித்தது.

"பெருசு வேணாம் மேனேஜரே. வெள்ளிக்கெழம வர்றவன் நடிகனுக்கு வர்றான். திங்கக்கெழம வர்றவன்தான் படத்துக்கு வர்றான். அவருக்கு இப்ப திங்கக்கெழம இல்ல."

"அவர் முகத்துக்கு வராத கூட்டம் வேற எவன் முகத்துக்கு வரும்ணா?" என்று கத்தினேன். பெரிய படத்துக்கே கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பால் அபிஷேகம், வெடி, ஹவுஸ்புல். திங்கட்கிழமை மதியக் காட்சிக்கு ஒன்பது பேர். பத்து நாளுக்கு மேல் மிச்சம் இருந்தது. நான் தினமும் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து ஊரில் அந்தச் சின்னப் படத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று சேதி வந்துகொண்டே இருந்தது.

அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு சிப்காட் கம்பெனி வாசல்களில் போய் நின்றார். ஒருநாள் நானும் பின்னாலேயே போனேன். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த ஒரு பெண் அவரை அடையாளம் கண்டுகொண்டு கேட்டாள்: "அண்ணா, நீயே சொல்லு. படம் நல்லாகீதா?"

"இல்லம்மா" என்றார் அவர். "ஆனா தியேட்டரு இருக்கணும்மா."

அவள் அன்று மாலை நாலு பேரோடு வந்தாள். அப்படிச் சிலர் வந்தார்கள். போதவில்லை. அடுத்த மாதமே இருக்கைகளைக் கழற்றினார்கள். அண்ணன் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகப் போனார். தச்சூர் பக்கம் அவர் பஸ்ஸுக்கு நிற்பதை இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் வண்டியை நிறுத்தாமல் வந்துவிட்டேன். உன் பேச்சைக் கேட்காமல் போய்விட்டேன் அண்ணா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எளாவூரில் அவரை எடுத்த பிறகு, அண்ணி என்னைத் தனியே அழைத்தார். "உங்க மேனேஜராலதான இந்த கதின்னு நான் தினம் திட்டுவேன் தம்பி. அதுக்கு அவரு, 'பயந்தவன் பெரிய பேரைத்தான் புடிச்சுப்பான். அவர இன்னாத்துக்கு திட்ற?'ன்னு என்னியத்தான் அடக்குவாரு."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வாக்கியம். அதில் ஆறுதல் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. நான் பயந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் அந்த வெயிலில் நின்றிருக்கிறார்.