ஸ்டாக்கிங் மாட்ட ஒரு ஸ்டாண்டு

அன்று பிற்பகல் என் கணவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார்.

"இன்னொண்ண எங்க போட்டுட்டு வாரீங்க?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். அதுவரை அவருக்கே தெரிந்திருக்கவில்லை. கடற்கரையிலிருந்து எங்கள் தெரு வரை, கொதிக்கிற தார்ச்சாலையில் ஒரு கால் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறார். அந்தக் காலுக்குச் சூடே தெரியவில்லை. நாற்பத்து மூன்று வயதிலேயே மறதி வந்துவிட்டதா என்று நான் கேலி செய்து சிரித்தேன். நோயின் முதல் அறிகுறியைப் பார்த்து நான் செய்தது இதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் கிளிட்டஸ். தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர். வள்ளத்தில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து டியூப் வழியாக வரும் காற்றை வாயில் கவ்விக்கொண்டு, கடலடியில் மணலைத் துழாவிச் சங்கு எடுப்பது தொழில். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் கீழே இருந்திருக்கிறார். டியூபில் காற்று குறைவதுபோல் இருக்கவே, சட்டென்று மேலே வந்திருக்கிறார்.

குளியாளிகளுக்கு மூட்டு வலித்தாலோ கை கால் மரத்தாலோ "காத்து அடிச்சிட்டு" என்பார்கள். அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. மறுபடியும் அதே ஆழத்துக்கு முங்கி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மெதுவாக ஏற வேண்டும். என் அப்பா அப்படிச் செய்து எழுந்திருக்கிறார். சிலருக்கு வலி விட்டுப்போவதும் உண்மைதான். அதனாலேயே யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை.

"நாளைக்கு ஒரு முங்கு போட்டா செரியாப் போவும்ளா" என்றார். நானும் சரி என்றேன். மறுநாள் விடியற்காலையில் இட்லி கட்டிக்கொடுத்து அனுப்பியது நான்தான்.

முற்பகலில் அவரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டாவது முறை மேலே வந்தபோது வள்ளத்தின் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டாராம். கால் எழும்பவில்லை. இடுப்புக்குக் கீழே எதுவும் அவருடையதாக இல்லை. சிறுநீரும் போகவில்லை.

மருத்துவமனையில் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றச் செலுத்தும் மெல்லிய குழாய்) போட்டார்கள். முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். மருத்துவர் விளக்கினார்: அழுத்தக்குறைவு நோய் (ஆழத்தில் சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன், வேகமாக மேலே வரும்போது உடலுக்குள் குமிழ்களாக மாறுவது). சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரைக்கிறதே, அப்படி. அந்தக் குமிழ்கள் அவருடைய தண்டுவடத்தில் ரத்த ஓட்டத்தை அடைத்திருந்தன.

"முதல் நாளே வந்திருந்தா கதை வேற. மறுபடி ஏன் இறங்கினீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

இவர் சுவரைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

உயர் அழுத்த அறை (மூடிய கூண்டுக்குள் அழுத்தத்தைக் கூட்டி ஆக்சிஜன் தரும் இடம்) எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. ஆம்புலன்சில் வெளியூருக்குக் கொண்டுபோனோம். பல முறை அந்தக் கூண்டுக்குள் படுத்து எழுந்தார். கை வலிமை முழுவதும் தங்கியது. கால்களில் கொஞ்சம் அசைவு வந்தது, உணர்ச்சி வரவில்லை. சில வாரங்களில் கதீட்டரை எடுத்தார்கள். அன்று அவர் தானாகச் சிறுநீர் கழித்தபோது, கழிவறை வாசலில் நின்று நான் அழுதேன். இந்த நிலைமையில் இருக்கும் குடும்பங்களுக்கு இது புரியும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீடு திரும்பியபோது எங்களோடு ஒரு வாக்கரும் இரண்டு ஜோடி வெள்ளை ஸ்டாக்கிங்கும் வந்தன. தொடை வரை நீளும் இறுக்கமான உறைகள் அவை. அதிகம் நடக்காதவர்களின் காலில் ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க மாட்டச் சொல்வார்கள். ஒரு ஜோடி காலில் இருக்க, இன்னொன்றைத் துவைத்து நிழலில் உலர்த்துவேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க் வேலை முடித்து வந்ததும் எனக்கு அதுதான் முதல் வேலை.

மழைக்காலம் தொடங்கியது. ஒருநாள் தொம்மை அண்ணாச்சி வந்தார். வள்ளம் அவருடையது. இவரோடு இருபது வருடப் பழக்கம், நல்ல மனிதர், ஒவ்வொரு வாரமும் மீன் கொண்டுவந்து கொடுப்பவர். நான் அடுக்களையில் இருந்தேன். அவர் குரலைத் தாழ்த்திப் பேசியும் கேட்டுவிட்டது.

"ரெண்டாவது முங்குல நீ செரியா இருக்கல ஏலே. அவசரப்பட்டு ஏறிட்ட. கிறிஸ்மஸ் கழிஞ்ச மறுநாளு ஒன்ன வள்ளத்துல ஏத்திக்கிடுதோம். ரெண்டு பேரு கூடவே இறங்குதோம். பத்து பாகம் ஆழத்துல வச்சிருந்து, மெள்ள மெள்ள ஏத்துவோம். காலு வந்துரும்."

"செரி அண்ணாச்சி" என்றார் என் கணவர்.

அண்ணாச்சி போனதும் சண்டை போட்டேன். "ஒங்கப்பாவே முங்கித்தானளா எழும்புனாரு" என்று என் வாயை அடைத்தார். மறு பரிசோதனைக்குப் போனபோது மருத்துவரிடம் நானே போட்டுடைத்தேன். அவர் நாற்காலியை இவருக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"குமிழ் எல்லாம் எப்பவோ போயாச்சு கிளிட்டஸ். இப்ப இருக்கறது தண்டுவடத்துல விழுந்த தழும்பு. தழும்பைத் தண்ணி கரைக்காது. இன்னொரு தடவை கீழ போனா, இருக்கிறதும் போயிடும். உயிரோட வருவீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

கோயிலில் பிரசங்கத்துக்குத் தலையாட்டுவதுபோல் அதற்கும் தலையாட்டினார். ஆனால் தொம்மை அண்ணாச்சியிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க, பண்டிகை வரக் கூடாது என்று நினைத்த ஒரே ஆள் எங்கள் தெருவில் நானாகத்தான் இருந்திருப்பேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் மகள் ஷைனி ஆரம்பித்தாள். நான்காம் வகுப்பு. பள்ளியில் கிறிஸ்துமஸ் படம் ஒட்டியிருக்கிறார்கள்: நெருப்பெரியும் அடுப்பு, மேலே பரிசு போட வரிசையாகத் தொங்கும் ஸ்டாக்கிங். எங்கள் பக்கத்தில் ஸ்டாரும் குடிலும்தான் வழக்கம். தூத்துக்குடி வெக்கையில் யார் ஸ்டாக்கிங் போடுகிறார்கள்? ஆனால் எங்கள் வீட்டில் இருந்தது.

"அப்பாவுக்கு ரெண்டு ஜோடி இருக்குல்லா? ஒண்ண மாட்டுவோம்மா."

சுவரில் ஆணி அடிக்க முடியாது. உப்புக்காற்றில் பூச்சு ஊறிப்போய், தட்டினால் ஆணியோடு கையளவு காரை வந்துவிடும். அதைச் சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தேன்.

"நான் ஒரு ஸ்டாண்டு செஞ்சு தாரேன்" என்றார் கட்டிலிலிருந்து. நோய் வந்த பிறகு அவர் வாயிலிருந்து 'நான் செய்கிறேன்' என்று நான் கேட்டது அதுதான் முதல் முறை.

கப்பலில் சரக்குக்கு அடியில் அடுக்கிவரும் வெளிநாட்டுக் கட்டைகள் எங்கள் ஊர் பழைய மரக்கடையில் கிடைக்கும். வாங்கி வந்தேன். இரண்டு நெடுங்கட்டை, மேலே ஒரு குறுக்குச் சட்டம், அடியில் சாயாமல் இருக்க நான்கு கால், சட்டத்தில் கொக்கிகள். இதுதான் திட்டம். பக்கத்து வீட்டில் டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கிக் கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து மடியில் பலகையை வைத்து அறுத்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வீடு முழுக்க மரத்தூள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கை வேலையில் இருந்தால் கடல் ஞாபகம் வராது என்று கணக்குப் போட்டேன்.

மூன்றாம் நாள் மாலை, வேலையிலிருந்து திரும்பி உள்ளே நுழைந்தேன். "இங்க பாரு ஸ்டெல்லா, மேச்சட்டத்த முடுக்கிட்டேன்" என்று பெருமையாகப் பலகையைத் தூக்கிக் காட்டினார்.

பலகையோடு அவருடைய தொடையும் எழுந்தது.

நீளமான ஸ்குரூ. இரண்டு கட்டையையும் தாண்டி, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தையும் ஸ்டாக்கிங்கையும் துளைத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. வெள்ளை ஸ்டாக்கிங்கில் சிவப்பு அகலமாகிக்கொண்டே போனது. அவர் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் கீழே பார்த்தார். பார்த்த பிறகும் வலிக்கவில்லை.

நான் கத்தினேனா என்று ஞாபகம் இல்லை. மெஷினைப் பின்பக்கமாக ஓடவிட்டு அவரே கழற்றினார், வேறொருவர் காலிலிருந்து கழற்றுவதுபோல் நிதானமாக. தையல், தடுப்பூசி, கட்டு. உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் ஆற நாளாகும், சீழ் பிடித்தாலும் அவருக்குத் தெரியாது, தினமும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் கட்டைகளை அள்ளிக் கொல்லையில் எறிந்தேன். அவர் தடுக்கவில்லை. கட்டுப்போட்ட இடத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சில நாட்கள் நெருப்பின்மேல் இருந்தோம். காலையிலும் மாலையிலும் புண்ணின் கட்டைப் பிரித்துப் பார்ப்பேன். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். ஓரம் சிவந்தால் எனக்குச் சோறு இறங்காது.

வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் பெண் கொல்லையில் நனைந்துகொண்டிருந்த கட்டைகளைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"வேலைய நிறுத்தாதீங்கக்கா. மடியில வைக்கிறதத்தான் நிறுத்தணும். அடுக்களை மேடையில வச்சு, நின்னு செய்யட்டும்."

"அவரு ரெண்டு நிமிஷம்கூட நிக்க முடியாதேம்மா."

"அப்ப ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்குரூ."

அப்படித்தான் ஸ்டாண்டு உருவானது. மேடை விளிம்பில் வயிற்றைச் சாய்த்து நிற்பார். நான் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பேன். முழங்கால் நடுங்கத் தொடங்கும். அதை அவர் உணர்வதில்லை, நான்தான் "உக்காருங்க" என்று சொல்ல வேண்டும். சில சமயம் ஒரு ஸ்குரூவைப் பாதியில் விட்டு உட்கார்வார். இரண்டு நிமிடம் மூன்றானது, ஒருநாள் ஐந்தானது, மறுநாள் மறுபடி இரண்டானது. குணமாவது ஏணி ஏறுவதுபோல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உங்களுக்கும் அப்படி இருக்காது, அதற்காக மனம் தளர வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மதியம் ஸ்டாண்டு முடிந்தது. ஒரு பக்கம் லேசாக ஆடியது. அட்டையை மடித்து அடியில் கொடுத்தோம். ஷைனி துவைத்த ஜோடியை மாட்டினாள். சட்டத்திலிருந்து ஏறக்குறைய தரை வரை தொங்கின. ஸ்குரூ குத்திய ஓட்டையை நான் தைத்திருந்தேன். படத்தில் இருந்ததுபோல் இல்லை என்று முதலில் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு எவ்வளவு முந்திரி மக்ரூன் போட்டாலும் நிறையவில்லை என்று கண்டுபிடித்துக் குதித்தாள். அவர் சிரித்தார். நான் மறுநாளுக்கு மறுநாளை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளும் வந்தது. காலையிலேயே தொம்மை அண்ணாச்சி இன்னொருவரோடு வாசலில் நின்றார். தெருமுனையில் ஆட்டோ. இரண்டு வாரமாக மனதுக்குள் ஒரு சண்டையை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், சட்டை மாற்றியிருந்தார். கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன்.

"கெளம்பு ஏலே. கடலு அமந்து கெடக்கு."

"உள்ள வாங்க அண்ணாச்சி. உக்காருங்க." சாரத்தை ஒதுக்கித் தொடையைக் காட்டினார். புண் ஆறிக்கொண்டிருந்தது, ஆனாலும் பார்க்க நன்றாக இல்லை. "இது ஸ்குரூ ஏறுனது. ஏறும்போது நான் ஸ்டெல்லாகிட்ட பல்லக் காட்டிக்கிட்டு இருந்தேன்."

தொம்மை அண்ணாச்சி குனிந்து புண்ணைப் பார்த்தார்.

"முன்னால கீழ இருக்கும்போது ஒடம்பு சொல்லும். இப்ப ஏறு, இப்ப நில்லுன்னு சொல்லும். அத வச்சுத்தான இத்தன வருசம் முங்குனேன்? இப்ப இது எங்கிட்ட எதுவும் சொல்லுதில்ல அண்ணாச்சி. சொல்லாத ஒடம்ப நம்பி நான் எப்பிடி இறங்குவேன்?"

தொம்மை அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஸ்டாண்டைப் பார்த்து, "நீயா ஏலே செஞ்ச?" என்றார். நான் தேநீர் போடப் போனேன். அடுப்பைப் பற்றவைக்க மூன்று குச்சி ஆனது.

மருத்துவர் சொல்லி நம்பாததை ஒரு ஸ்குரூ சொல்லி நம்பினார் என்பது எனக்கு இன்னும் கோபம்தான். அந்தக் கோபத்தோடு வாழ்ந்துவிடலாம். உங்கள் வீட்டுக் குளியாளிக்குக் கால் மரத்தால், தயவுசெய்து இட்லி கட்டாதீர்கள். வண்டியைக் கூப்பிடுங்கள்.

இப்போது வாக்கர் இல்லாமல் வீட்டுக்குள் சில அடிகள் நடக்கிறார். கண்ணால்தான் நடக்கிறார். பாதம் தரையில் பதிந்ததா என்பதைப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்க முடியும். அதனால் எங்கள் வீட்டில் கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போக நிறைய நேரம் ஆகிறது, நானும் ஷைனியும் அந்த வேகத்துக்கே பழகிவிட்டோம்.

போன வாரம் மாலை மழையில் கரண்ட் போய்விட்டது. கூடத்தின் நடுவே, பிடிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் அவர் இருந்தார். நான் அடுக்களையில் தீப்பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"ஏளா" என்று கூப்பிட்டார். குரலில் பயம் இருந்தது. "நான் நிக்கேனா?"

தீப்பெட்டியை விட்டுவிட்டு ஓடினேன். இருட்டில் கையை நீட்டினேன். என் முகத்துக்கு நேரே, இருக்க வேண்டிய உயரத்தில், அவருடைய தோள் இருந்தது.

"நிக்கீங்க" என்றேன்.