இருபத்து மூன்று சிவப்பு ஒயர்கள்

படகின் மின்பலகையில் புகை வந்த அன்றே துறைமுக அதிகாரி சொல்லிவிட்டார்: பதினைந்து நாளில் மாற்றாவிட்டால் படகை வேறு எங்காவது கட்டிக்கொள்ளலாம். அப்பா விட்டுப்போன பாய்மரப் படகு, வயது நாற்பது. இரண்டு மகள்களுக்கும் பொது. அக்கா லிஃப்ட் மெக்கானிக், தங்கை பல் டாக்டர். ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. தங்கை வீட்டு விருந்தில் அவள் கணவர் அக்காவை ‘லிஃப்ட் ஆபரேட்டர்’ என்று அறிமுகப்படுத்த, தங்கை வாயே திறக்கவில்லை. அவ்வளவுதான் சண்டை.

தனியாகவே முடித்துவிடலாமென்று அக்கா பழைய பலகையைக் கழற்றினாள். பின்னால் இருபத்து மூன்று ஒயர்கள். எல்லாம் சிவப்பு. எது எங்கே போகிறதென்று அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் மின்சாரம் கொடுக்க, மற்றவர் படகெங்கும் தவழ்ந்து எது உயிர்பெறுகிறதென்று பார்க்க. வேறு வழியில்லாமல் தங்கைக்கு ஃபோன் போட்டாள்.

தங்கை மருத்துவமனைக் கையுறையோடு வந்தாள். அக்கா பலகையருகே உட்கார, அவள் தவழ்ந்தாள்.

“வந்துச்சா?”

“வரல.”

“இப்ப?”

“ஏதோ உறுமுது.”

“தண்ணி பம்ப். எழுதி ஒட்டு.”

தங்கை எழுதி ஒட்டினாள். டாக்டர் கையெழுத்து. அக்கா ஒவ்வொன்றையும் திரும்ப எழுதினாள்.

பன்னிரண்டாவது ஒயரில், பாய்மரத் துணி வைக்கும் அறைக்குள் தலையை விட்டிருந்த தங்கை வெளியே வராமலே பேசினாள்.

“அக்கா, அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்.”

அக்கா ஒயரை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

“லைட் எரியுதா, அதைச் சொல்லு.”

“எரியுது.”

“இதைச் சொல்ல உனக்கு ஆறு வருஷமாடி?”

“ஃபோன் பண்ண உனக்கும் ஆறு வருஷம்.”

அக்கா பதிமூன்றாவது ஒயரை எடுத்தாள்.

இருபத்தொன்றுக்கு முகவரி கிடைத்தது. மீதி இரண்டும் பாதி வழியில் டேப் சுற்றி முடிந்திருந்தன. அப்பா ஏதோ ஆரம்பித்து மறந்திருக்க வேண்டும். பிடுங்கிப் போட்டார்கள். மறுவாரம் அவர்கள் மாட்டிய புதிய பலகையில் அதிகாரி ஒவ்வொரு பிரேக்கராகப் போட்டு அணைத்து, முகர்ந்தும் பார்த்து, குறை கிடைக்காத வருத்தத்தோடு கையெழுத்திட்டார்.

அடுத்த ஞாயிறு இருவரும் படகை வெளியே எடுத்தார்கள். காற்று பேருக்குக்கூட இல்லை. இரண்டு மணி நேரம் கழித்தும் கரையிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே நின்றார்கள்.

“இன்ஜின் போடலாமா?” என்றாள் தங்கை.

“எதுக்கு அவசரம்?” என்று சொல்லிவிட்டு, அக்கா காலை நீட்டிப் படுத்தாள்.