வட்டத்துக்குள் ஓர் உடுப்புக்கொடி

அந்த நாட்களில் என் வேலை வட்டம் கீறுவது. வானத்தில் வரும் ஏவுகணையை வழியிலேயே அடித்து விழுத்தும் கருவிகளை விற்கும் நிறுவனம் ஒன்று ஒஸ்லோவுக்கு வெளியே இருந்தது. எந்த இடத்தில் எதை வைத்தால் எவ்வளவு வானம் காப்பாகும் என்று, வாங்க வரும் நாட்டின் வரைபடத்தில் வட்டம் வட்டமாகக் கீறிக் கொடுப்பேன். பிறந்தநாள் விழாக்களில் யாராவது "என்ன வேலை, தம்பி?" என்று கேட்டால் "கொம்பியூட்டர் வேலை" என்பேன். அதற்கு மேல் கிண்டமாட்டார்கள். சம்பளத்தைத்தான் கிண்டுவார்கள்.

நான் விட்டுவந்த ஊரில் போர்நிறுத்தம் இருந்த காலத்தில், எங்கோ தொலைவிலுள்ள ஒரு தீவு நாடு எங்கள் நிறுவனத்திடம் வந்தது. அதன் பெயரை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. சின்னத் தீவுதான். ஆனால் அதன் துறைமுகத்தையும் விமான ஓடுதளத்தையும் பிடித்தவன் அந்தக் கடலையே பிடித்தவன் என்றார்கள். அதனால் காப்புக்கான காசில் பெரும்பகுதியை ஒரு பெரிய நாடு கொடுத்தது. மாமனார் காசில் நகை வாங்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரித்தான் பேரம் நடந்தது. ரேடாரும் ஏவுகருவியும் சேர்ந்த தொகுதிகள் நாலு கேட்டார்கள். விலையைக் கண்டதும் மூன்றுக்கு இறங்கினார்கள். பிறகு பழுது பார்க்கும் செலவு யாருடையது என்று இழுபறி. இவ்வளவு பெரிய சாமானையும் இப்படித்தான் வாங்குவார்களா என்று எனக்கு ஒரே புதினமாக இருந்தது.

நாலு மூன்றானதும் என் வட்டங்களை நகர்த்த வேண்டி வந்தது. மூன்றாவது தொகுதிக்கான புள்ளி ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். தகரக் கூரை, கிணறு, பின்வளவில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், வெள்ளையும் சிவப்புமாக. கொடியில் காயும் உடுப்பு!

கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். ஊரில் குண்டு போட வரும் பொம்பர் சத்தம் கேட்டால் கொடியில் கிடக்கும் உடுப்பை இழுத்தெடுத்துக்கொண்டுதான் நாங்கள் பங்கர் குழிக்குள் ஓடுவோம். உடுப்பு தெரிந்தால் ஆள் இருப்பது மேலே உள்ளவனுக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். உண்மையிலேயே அது தெரியுமா என்று பங்கருக்குள் குந்தியிருந்து எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். பதில் ஒஸ்லோவில் கிடைத்தது. நன்றாகவே தெரிகிறது.

பின்னேரம் ஹொல்ம்லியாவில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன். அவளும் என் ஊர்தான்.

"கொடி தெரியுதப்பா. உடுப்பு நிறம்கூடத் தெரியுது."

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள். "ஆரின்ரை வீடு அது?"

"ஆருக்குத் தெரியும்? அந்த இடத்திலதான் எங்கடை சாமான் வரப்போகுது."

"அப்ப அந்தச் சனம் எங்கை போறது?"

வட்டத்துக்கு வெளியே விடுபட்டவர்களைப் பற்றித்தான் நான் அதுவரை கவலைப்பட்டிருந்தேன். உள்ளே இருப்பவர்களை நினைக்கவில்லை. இத்தனைக்கும் ஊரில் எங்கள் வீடு விமானத்தளத்துக்குப் பக்கத்தில் இருந்த வீடு. பாதுகாப்பு வலயம் என்று சொல்லி இராணுவத்தினர் எங்களை அங்கிருந்து எழுப்பினார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். முந்திய கோடையில் ஊருக்குப் போனபோது முள்ளுக்கம்பி வரைக்கும்தான் போக முடிந்தது. எட்டி எட்டிப் பார்த்தோம். பனைகள் தெரிந்தன, வீடு தெரியவில்லை.

"அவையளையும் கொஞ்ச நாளைக்கு எண்டுதான் எழுப்புவினம்," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, அந்தப் புள்ளியின்மேல். மறுநாள் முழுக்க வேறு இடம் தேடினேன். வீட்டுக்கு வடக்கே ஒரு கல்மேடு அகப்பட்டது. வானம் அதே அளவு காப்பாகும், ஆனால் அங்கே போகத் தெரு இல்லை. பாண் துண்டைக் கடித்துக்கொண்டே கேட்ட என் மேலாளர், "தெரு அவர்கள் செலவு. நீயே கேட்டுப் பார்," என்றார்.

தீவிலிருந்து வந்திருந்த அதிகாரி மரியாதையான மனிதர். அந்த வீட்டை விட்டுக் கல்மேட்டுக்கு மாற்றலாமா என்று கேட்டேன். "அந்த வீட்டில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"ஒருவரும் இல்லை."

"அவர்களுக்கு நட்டஈடு ஒதுக்கியிருக்கிறோம். தற்காலிகமாகத்தான் விலகச் சொல்கிறோம்."

"எங்கள் வீட்டையும் தற்காலிகமாகத்தான் எடுத்தார்கள். அப்போது என் மகள் பிறக்கவில்லை. இப்போது அவள் என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள்."

விற்க வந்தவன் இப்படிப் பேசலாமா என்று வெட்கமாக இருந்தது. அவர் படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு, தெருவுக்குக் காசு கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

கேட்டிருக்கிறார், கிடைத்தும் இருக்கிறது. எல்லாம் நிறுவி முடிந்தபின் சரிபார்க்கப் புதிய படங்கள் வந்தன. கல்மேட்டில் எங்கள் சாமான், அதற்குப் புதுத் தெரு. கீழே அதே கூரை, அதே கிணறு. முற்றத்தில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. ரயிலில் அன்று தனியே சிரித்துக்கொண்டு வந்திருப்பேன்.

"வீடு தப்பீட்டுது," என்று வாசலில் நின்றே சொன்னேன். "ஆக்களும் இருக்கினம்."

"கொடி?"

"கொடியும் கிடக்கு. நல்ல வெயில். ஆனா ஒரு உடுப்பும் இல்லை. அதுதான் ஏனெண்டு விளங்கேல்லை."

அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"படமெடுக்க வந்த பிளேன் சத்தம் கேட்டிருக்கும்," என்றாள். "பக்கத்தில என்னத்தைக் கொண்டுவந்து வைச்சிருக்கினம் எண்டு அவைக்குத் தெரியும்தானே. அடிக்க வாறவன் முதல்ல அதைத்தான் தேடுவான். அவையளும் உடுப்பு எடுக்கத் தொடங்கீட்டினம்."